ஐந்தாவது வாளி

பார்க் எக்ஸ்டென்ஷன், மொன்றியல்
22.02.2004, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அக்னெஸ்,

உன் கடிதம் வந்து ஒன்பது நாளாகிறது. அதில் நீ ஒரேயொரு கேள்விதான் கேட்டிருந்தாய்: அவர் வேண்டாம் என்று சொன்னாரா? ஒன்பது நாள் யோசித்தும் என்னிடம் அதற்குப் பதில் இல்லை. 'ஓம்' என்று எழுதினால் பொய். 'இல்லை' என்று எழுதினால் அதுவும் முழு உண்மை ஆகாது. வளாகத்தில் படித்த காலத்தில், முடிவு தெளியாத பரிசோதனைக்குக் கொப்பியில் இடம் விட்டுவிட்டு அடுத்த பக்கம் போவோமே, அப்படி இதற்கும் இடம் விட்டுவிட்டு மிச்சத்தை எழுதுகிறேன்.

நானும் இவரும் மகளும் சுகம். சாருஜாவுக்குப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். வீட்டில் தமிழ் கதைக்கிறாள், ரெலிபோனில் பிரெஞ்சு, கோபம் வந்தால் இங்கிலிஷ். உன் பள்ளிக்கூடத்து ஆய்வுகூடத்துக்குக் கூரை போட்டாயிற்று என்று வாசித்ததில் சந்தோசம். நுணுக்குக்காட்டி இரண்டு வந்ததும் எழுது. பிள்ளைகளுக்கு முதலில் எதைக் காட்டினாய் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

போன கடிதத்தில் என் வேலையைப் பற்றிய உண்மையையும் புதுக் கடைப் பேச்சையும் அரைப் பக்கத்தில் அவசரமாக எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். நீ திகைத்திருப்பாய். ஆறுதலாகச் சொல்கிறேன். எட்டு வருடமாக நான் வேலை செய்வது மாக் கொம்பனியில் அல்ல. ஜான்-டலோன் சந்தைக்குப் பக்கத்தில், வீட்டில் வைனும் பியரும் செய்கிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடையில். புரட்டாதியில் இத்தாலியக் கிழவர்கள் சந்தையில் வைனுக்கு முந்திரிகைப் பழத்தைப் பெட்டி பெட்டியாக வாங்கிவிட்டு, தக்கையும் குழாயும் வாங்க எங்களிடம் வருவார்கள். மற்ற மாதங்களில் பியர்க்காரர்கள். முளைக்கவைத்து உலர்த்திய பார்லியைப் பின்னறையில் அரைத்து, நிறுத்துப் பைகளில் கட்டுவது என் வேலை. அரைக்கும்போது தூசு பறக்கும். பின்னேரம் வீடு திரும்பும்போது மேற்சட்டையிலும் தலைமயிரிலும் வெள்ளை படிந்திருக்கும். முதல் கிழமையே அந்தக் கோலத்தில் என்னைப் படியில் கண்ட கோயில் ஆள் ஒருவர், எங்கே வேலை என்று இவரிடம் விசாரித்திருக்கிறார். "மாக் கொம்பனியிலை" என்று இவர் சொல்லிவிட்டார். யோசித்துச் சொன்ன பொய் என்று நான் நினைக்கவில்லை. வாயில் வந்துவிட்டது. வந்ததை அவர் திருத்தவில்லை, நானும் திருத்தவில்லை. உனக்குக்கூடப் போன கடிதம் வரை மா என்றே எழுதினேன். ஒரு பொய்யை இரண்டு பேர் பிடித்துக்கொண்டிருந்தால் யார் முதலில் கையை எடுப்பது என்று தெரியாமல் போய்விடுகிறது.

கடைக்காரர் பெயர் ழில். அறுபது வயது இருக்கும். ஒரு நாளைக்குப் பத்து வசனத்துக்கு மேல் பேசமாட்டார். பழகாதவர்கள் செய்த பியர் பழுதானால் ஒரு போத்தலைக் கொண்டுவருவார்கள். ழில் மணந்து பார்த்து, எங்கே பிழை விட்டீர்கள் என்று சொல்லி அனுப்புவார். ஒரு நாள் அவர் பல்லுக்குக் காட்டப் போயிருந்த நேரம் ஒரு பெடியன் போத்தலோடு வந்தான். நான் மணந்து பார்த்தேன். வெண்ணெய் மணம். நொதித்தல் முடிய முன்னர் அவசரப்பட்டுப் போத்தலில் அடைத்திருக்கிறாய் என்றேன். அவன் போய் ழிலிடம் சொல்லியிருக்கிறான். அடுத்த நாள் ழில் என் மேசையில் ஒரு வெள்ளை வாளியையும், கூழ் போன்ற பார்லிச் சாறு அடைத்த ஒரு ரின்னையும் வைத்தார். நீங்கள் சரியாகச் சொன்னது படிப்பால், ஆனால் கையால் செய்யாதவர் சொல்வதை நான் நம்பமாட்டேன் என்றார். எனக்கும் அப்படித்தான், செய்து காட்டாததை நானும் நம்புவதில்லை. வாளியை 80ஆம் இலக்க பஸ்ஸில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

காய்ச்சினேன் என்று எழுதும்போதே கை கூசுகிறது. எங்கள் பக்கத்தில் ஒருத்தி காய்ச்சுகிறாள் என்றால், பொலிஸ் வந்து பானை உடைக்கும் வீடு என்று அர்த்தம். இங்கே அது சட்டத்துக்கு உட்பட்டது, அயலில் பாதிப் பேர் செய்வது என்று இவரிடம் விளக்கினேன். இவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "உன்ர விருப்பம். சாமித்தட்டுக்குக் கிட்ட மட்டும் வைக்காதை" என்றார். உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

முதல் வாளியில் விட்ட பிழையை நீயும் விட்டிருப்பாய். அது தை மாதம். இந்த ஊர்க் குளிரில் தோசைமா புளிக்கவைக்க நாங்கள் படும் பாடு உனக்குத் தெரியாது. பாத்திரத்தைக் கம்பளியால் சுற்றி ஹீற்றரோடு ஒட்டி வைப்போம். நொதித்தல் என்றாலே எனக்குச் சூடுதான் நினைவுக்கு வரும். ஆகவே வாளியையும் அதே கம்பளியால் சுற்றி அதே ஹீற்றரோடு அணைத்து வைத்தேன். நொதிக்கவைக்கும் மதுவத்தையும் சாறு நன்றாக ஆறும் முன்னரே தூவிவிட்டேன். விடிய எழும்பிப் பார்த்தால் மூடி குசினியின் மறுகரையில் கிடந்தது, நுரை சுவரில் வடிந்துகொண்டிருந்தது. வீடு முழுக்க நகப்பூச்சு அழிக்கிற திரவத்தின் மணம். இவர் பூவும் கையுமாக நின்று பார்த்தார், போய்ச் சாம்பிராணியைக் கொஞ்சம் கூடப் போட்டார். சாருஜா மூக்கைப் பொத்திக்கொண்டு, "அம்மா, கெமிஸ்ட்ரி எண்டால் இதுதானோ? நல்ல காலம் நான் கணக்குப் படிக்கிறன்" என்றாள்.

ழில் சிரிக்கவில்லை. எத்தனை பாகை என்று மட்டும் கேட்டார். தோசைமாவைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. அடுத்த நாள் ஒரு சின்னப் போத்தலில் கொண்டுபோய்க் கொடுத்தேன். நெடுநேரம் மணந்து பார்த்துவிட்டு, இது நல்ல மிருகம், ஆனால் வேறு மிருகம், இதற்குச் சூடு வேண்டும், அதற்குக் குளிர் வேண்டும் என்றார். பிறகு ஒரு பள்ளிக்கூடக் கொப்பியை எடுத்துத் தந்தார். எல்லோரும் செய்முறையை எழுதி வைப்பார்கள், நீங்கள் பிழையை மட்டும் எழுதுங்கள் என்றார்.

இரண்டாவது வாளியில் சுத்தம் கூடிவிட்டது. ஜவெல் தண்ணீர் என்று இங்கே விற்கும் குளோரீன் திரவத்தால் வாளியைத் தேய்த்துவிட்டு வடிவாக அலசவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி மணம் வந்தது. மூன்றாவதில் சூடு, சுத்தம், நேரம், சாற்றின் அடர்த்தி காட்டும் நீரமானிக் கணக்கு எல்லாம் சரி. ஆனால் பியர் புளித்தது. நான் எதையும் சும்மா நம்பி விட்டுவிடுகிறவள் அல்ல என்பது உனக்குத் தெரியும். செய்த ஒவ்வொன்றையும் கொப்பியில் பின்னோக்கித் தேடினேன். கடைசியில் அகப்பையில் வந்து நின்றது. சாற்றைக் கலக்கக் குசினிச் சுவரில் தொங்கிய மரத்தின் நீள அகப்பையை எடுத்திருந்தேன். வியாழக்கிழமைதோறும் அதே அகப்பையால்தான் தோசைமா கலக்குவேன். எவ்வளவு கொதிநீரில் கழுவினாலும் மரத்தின் வெடிப்புக்குள் இருக்கிற பற்றீரியா அங்கேயே இருக்கும். இதை உன் மாணவிகள்கூடச் சொல்லியிருப்பார்கள். ழிலிடம் அகப்பையைக் காட்டினேன். இருபத்தாறு வருடத்தில் இந்தப் பிழையோடு ஒருவரும் வரவில்லை என்றார். பாராட்டாகச் சொன்னாரோ என்னவோ, பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

நான்காவது வாளியை எழுதத்தான் எனக்கு மனமில்லை. ஆனால் அதை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் உனக்கு விளங்காது. போன சித்திரையில் இவரைக் கோயில் பரிபாலன சபைச் செயலாளராகத் தெரிவு செய்தார்கள். அக்னெஸ், அது இவருக்கு எவ்வளவு பெரிய காரியம் என்பதை நான் மறைக்கமாட்டேன். ஊரில் வங்கியில் மேசையும் கதிரையும் மணியும் இருந்த மனிதர். இங்கே பதினொரு வருடமாக விமானநிலையச் சமையல்கூடத்தில் சாப்பாட்டுத் தட்டுகளை வண்டிகளில் அடுக்குகிறார். கோயிலில்தான் "செயலாளர் ஐயா" என்று கூப்பிடுகிறார்கள். அந்த மாதத்திலிருந்து வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள், நோட்டீஸ் திருத்த, திருவிழா உபயகாரர் பட்டியல் எழுத. வாளியைப் பின்பக்கத்துச் சாமான் அறைக்குள் தள்ளி, மேலே பழைய திரைச்சீலையைப் போட்டேன். பத்தாம் நாள் போத்தலில் அடைக்க வேண்டியது. ஒவ்வொரு கிழமையும் வருகிற கிழமை என்று விட்டேன். யாரோ வந்திருப்பார்கள். யாரும் வராத நாளிலும் யாராவது வந்தால் என்று இருந்தது. ஒருவரும் என்னைத் தடுக்கவில்லை. ஐந்து மாதம் மூடியைத் திறக்கவில்லை.

புரட்டாதியில் திறந்தபோது அடியில் படிந்த மதுவம் செத்துக் கரைந்து, பாணுக்குப் பூசும் மாமைற்றின் மணம் வந்தது. வெள்ளைக்காரன் சின்னப் போத்தலில் அடைத்து விற்பதை நான் இருபத்துமூன்று லீற்றர் செய்து வைத்திருந்தேன். ழில் ஒரு வாய் எடுத்துத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தார். புதிதாகச் செய்கிறவர்கள் நாளுக்கு நாலு தரம் மூடியைத் திறந்து பார்த்துக் கெடுப்பார்கள், திறக்காமலே கெடுத்த ஒருவரை இப்போதுதான் பார்க்கிறேன், ஏன் என்று கேட்டார். நேரம் கிடைக்கவில்லை என்றேன். கொப்பியிலும் அப்படியே எழுதினேன். அந்தக் கொப்பியில் அது ஒன்றுதான் பொய்.

ஐந்தாவது வாளி சரியாக வந்தது. கார்த்திகையில் காய்ச்சி, பதினெட்டுப் பாகையில் வைத்து, பதினோராம் நாள் ஒரு புதன்கிழமை வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போத்தலில் அடைத்தேன். எனக்குக் குடிக்கப் பிடிக்காது. அரை வாய் எடுத்துப் பார்ப்பேன், அவ்வளவுதான். அந்த அரை வாயில் ஒரு பிழையும் இல்லை. ழில் ஒரு கிளாஸ் குடித்தார், இரண்டாவதை ஊற்றினார்.

அந்த வாளியில் மிஞ்சிய மதுவத்தை எறிய மனம் வரவில்லை. கைப்புப் போக மூன்று தரம் கழுவி அப்பத்துக்கு விட்டேன். உன் அம்மா கள்ளு விட்டுச் சுடுகிற அப்பம் எனக்கு எப்பவும் நினைவில் இருக்கும். அன்று பார்த்துச் சபைத் தலைவர் இரவிச்சந்திரன் வந்துவிட்டார். நாலு அப்பம் சாப்பிட்டார். "தங்கச்சி, என்ன போட்டனீங்கள்? ஊரிலை தின்ன மாதிரிக் கிடக்கு. ரொரன்ரோவிலை காசு குடுத்தாலும் இப்பிடி ஒண்டு கிடையாது" என்றார். நான் வாய் திறக்க முன்னர் இவர், "கொம்பனியாலை நல்ல மா கிடைக்குது, அண்ணை" என்றார். தலைவர், "அப்ப கோயிலுக்கும் ரெண்டு மூட்டை சொல்லிவிடுமன்" என்றார். இவர் தலையாட்டினார். அந்த இரண்டு மூட்டையை நான் சந்தையில் வாங்கி, கடைச் சீட்டைக் கிழித்துவிட்டு அனுப்பினேன். சாருஜா உள்ளறையில் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். எனக்கும் அன்று சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

இனி விசயம். ழில் லொங்குய்யில் இரண்டாவது கடை திறக்கிறார். மெற்றோவின் மஞ்சள் பாதையில் கடைசித் தரிப்பிடம், அதிலிருந்து ஐந்து நிமிட நடை. அந்தக் கடையை நான் நடத்த வேண்டும் என்கிறார். சனிக்கிழமை காலைகளில் புதிதாகச் செய்கிறவர்களுக்கு வகுப்பும் நான் எடுக்க வேண்டும். செய்முறை ரின்னிலேயே எழுதியிருக்கிறது, நீங்கள் அவர்களுக்குப் பிழையைக் கற்பியுங்கள் என்றார். ஊரில் கொஞ்சக் காலம் படிப்பித்ததோடு சரி, இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு ஒரு வகுப்பின் முன்னால் நிற்பது. பிரெஞ்சில். என் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு. அன்று பின்னேரம் எந்தத் தரிப்பிடத்தில் ஏறினேன், எங்கே இறங்கினேன் என்று இப்போதும் நினைவில்லை.

திறப்பதற்கு முன்னர் நோட்டீஸ் அடித்து மெற்றோ வாசல்களிலும் மூலைக்கடைகளிலும் வைக்கப் போகிறார். மாதிரித் தாளைக் காட்டினார். ஒரு பெரிய கிளாஸ் படம், கீழே தடித்த எழுத்தில் 'மதாம் பேரின்பநாதன் உங்களுக்குக் கற்பிப்பார்'. என் பத்திரங்களில் அதுதான் பெயர். பார்க் எக்ஸ்டென்ஷன் மூலைக்கடைகளில் பாதி எங்கள் ஆட்களுடையவை. செயலாளர் பேரின்பநாதனின் பெயர் பியர்க் கிளாஸுக்குக் கீழே, பால் வாங்கப் போகிற ஒவ்வொரு ஆளின் கண்ணிலும் படும்.

தை கடைசியில் இவரிடம் சொன்னேன். தாளையும் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு வாசித்தார். மடித்துத் திருப்பித் தந்தார். "உன்ர விருப்பம்" என்றார்.

இப்போது விளங்குகிறதா ஏன் உன் கேள்விக்குப் பதில் இல்லை என்று. கலியாணமாகி இருபத்துமூன்று வருடத்தில் அவர் எனக்கு ஒன்றையும் மறுத்ததில்லை. இங்கே வந்த இரண்டாம் வருடம் ஆய்வுகூட உதவியாளர் படிப்புக்கு இடம் கிடைத்தது, பின்னேர வகுப்பு. "உன்ர விருப்பம். பிள்ளையை ஆர் பாக்கிறது எண்டதையும் யோசி" என்றார். யோசித்தேன், போகவில்லை. தொண்ணூற்றாறில் ஒட்டாவாவில் அரசாங்க வேலை ஒன்றுக்கு நேர்முகம் வந்தது. "உன்ர விருப்பம்" என்றார். அந்த முறை பிள்ளையைப் பற்றிக்கூடச் சொல்லவில்லை. அதற்கும் போகவில்லை. போகாமல் விட்டது நான். ஆகவே கோபிக்கவும் ஆளில்லை. அடிக்கிற புருசன், குடிக்கிற புருசன் என்றால் அக்கம்பக்கம் ஒரு நியாயம் சொல்லும். இவருக்கு எதிராக நான் எங்கே போய் என்ன சொல்ல? சாருஜாவிடம் கேட்டேன். "அது உங்கட விசயம் அம்மா, நான் என்னத்தைச் சொல்ல" என்று புத்தகத்துக்குத் திரும்பிவிட்டாள். அவளும் அதையே சொல்கிறாள் என்பது அவளுக்குத் தெரியாது.

நாளைக்கு நான் ழிலுக்குப் பதில் சொல்ல வேண்டும். அச்சகத்துக்குத் தாளைக் கொடுக்க வேண்டிய கடைசி நாள். நான் இல்லையென்றால் அவருடைய மருமகன் ஒருவன் இருக்கிறான், மீன்பிடிச் சாமான் கடையில் வேலை செய்தவன், அவனைப் போடுவார். அதில் ழிலைக் குறை சொல்ல முடியாது, ஒரு மாதம் காத்திருந்துவிட்டார்.

இவர் மாசி மகத்துக்கு ஆயத்தம் செய்யக் கோயிலுக்குப் போய்விட்டார். நான் குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன். குளிருக்காக ஐப்பசியில் எல்லா ஜன்னலுக்கும் பிளாஸ்ரிக் தாள் ஒட்டி, தலைமயிர் உலர்த்தும் கருவியால் சூடுகாட்டி இறுக்கிவிடுவோம். சித்திரை வரை ஒன்றும் திறபடாது. காலையில் வதக்கிய வெங்காயம் பின்னேரமும் மணக்கும். நேற்றிலிருந்து இரண்டு வசனங்களைப் பிரெஞ்சில் ஆயத்தப்படுத்தி வைத்திருக்கிறேன். ஒன்று சம்மதம், ஒன்று மன்னிக்கவும். இரண்டும் இலக்கணப் பிழை இல்லாமல் இருக்கின்றன. எதைச் சொல்வேன் என்று தெரியவில்லை, பழக்கத்தைப் பார்த்தால் இரண்டாவதாகத்தான் இருக்கும்.

நீ உன் மாதாவுக்கு முன்னால் எனக்காக மெழுகுதிரி கொளுத்துவாய். வேண்டாம் என்று எத்தனை தரம் எழுதினாலும் கேட்கமாட்டாய். கொளுத்துவதென்றால் ஒன்று மட்டும் கேள்: என்ன முடிவானாலும் அதை நான்தான் எடுத்தேன் என்று பிறகு எனக்குத் தெரிய வேண்டும். அதற்கு மேல் ஒன்றும் கேட்காதே. உன் பிள்ளைகளுக்கும் அம்மாவுக்கும் என் அன்பு. உடம்பைப் பார்த்துக்கொள்.

என்றும் உன்,
இந்திராதேவி


23.02.2004, திங்கட்கிழமை

கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலையில் வெளியே பூச்சியத்துக்குக் கீழே பதினெட்டுப் பாகை. எட்டரைக்குக் கடைக்குப் போனேன். மேலங்கியைக் கழற்ற முன்னர் ழில் வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்டார். எனக்கு விளங்கவில்லை. வெள்ளிக்கிழமை என் கணவர் கடைக்கு ரெலிபோன் எடுத்தாராம். என் மனைவிக்கு நாரி நோ, கீழ்முதுகில் நீண்ட காலமாக இருக்கிறது, மரியாதை காரணமாக உங்களிடம் சொல்லாமல் இருக்கிறாள், ஆகவே புதிய பொறுப்பை ஏற்கும் நிலையில் இல்லை, உங்கள் நல்லெண்ணத்துக்கு நன்றி என்றாராம். எட்டு வருடமாக இருபத்தைந்து கிலோ மூட்டைகளை உங்களைக்கொண்டு தூக்குவித்துவிட்டேன் என்றார் ழில். திரும்பிப் பார்த்தேன். மேல்தட்டில் இருந்த மூட்டைகள் எல்லாவற்றையும் அவர் இடுப்பளவு உயரத்துக்கு இறக்கி அடுக்கியிருந்தார். அவருக்கே வயது அறுபது.

உங்கள் கணவரின் பிரெஞ்சு மிகத் திருத்தமானது, எழுதிய கடிதம் போல இருந்தது என்றும் சொன்னார். இருந்திருக்கும். அப்படி ஒரு வசனம் இவருக்கு எத்தனை நாள் எடுக்கும் என்று எனக்குத் தெரியும். கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி, குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு வாசித்துப் பழகுவார். நாரி நோ எங்கள் வீட்டில் உண்டு. அது அவருடையது.

கோபம் வந்ததா என்றால், வந்தது. கூடவே, இருபத்துமூன்று வருடமாகக் கைக்கு எட்டாத அந்த 'வேண்டாம்' கையில் தட்டுப்பட்டது போலவும் இருந்தது. எனக்கு நாரி நோ இல்லை என்றேன். அப்படியென்றால் பதில் என்ன என்று கேட்டார். சம்மதம் என்றேன். ஆயத்தப்படுத்திய வசனம் நினைவுக்கு வரவில்லை, ஒரு சொல்லில்தான் சொன்னேன். அவர் மாதிரித் தாளை மேசையில் வைத்தார். பேனையை வாங்கி 'பேரின்பநாதன்' என்பதை வெட்டிவிட்டு மேலே 'இந்திரா' என்று எழுதினேன். அவர் அதைப் பார்த்தார். பத்து மணிக்கு அச்சகத்துக்கு அனுப்பிவிட்டார். நான் ஐந்து மணி வரை பார்லி நிறுத்தேன்.

திங்கள் இவருக்கு ஓய்வு நாள். நான் வரும்போது சோறு வடித்து வைத்திருந்தார். கை கழுவிவிட்டு வந்து, "ழிலிட்டை ஓம் எண்டு சொல்லிப்போட்டன்" என்றேன். ரெலிபோனைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கறிச்சட்டியின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். பிறகு, "கோயிலிலை ஆரும் கேட்டால் நான் என்ன சொல்லுறது?" என்றார். "என்னட்டை அனுப்பிவிடுங்கோ" என்றேன். இவ்வளவு காலத்தில் அவர் இப்படி என்னிடம் ஒன்றை நேரே கேட்டது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

சாப்பிட்டோம். சாருஜா வந்தாள், சாப்பிட்டாள், அறைக்குள் போனாள். எட்டு மணிக்கு இவர் வழக்கம்போல முன்னறையில் பாயை விரித்துக் குப்புறப் படுத்தார். எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் இருந்து நாரியில் தேய்த்தேன். "கொஞ்சம் கீழை" என்றார். கொஞ்சம் கீழே அழுத்தினேன்.